இல்லை என்று சொல்லாத அக்கா

"அக்கா, வெளிய மழையா?"

"நான் வந்த வழியில பெய்யல."

"மழை இல்லன்னு சொன்னா என்னக்கா கொறஞ்சிடும்?"

அக்கா தட்டை வாங்கிக்கொண்டு சுவரோர மேசைக்குப் போய்விட்டார். பினாங்கில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் இருக்கும் அந்த நாசி கண்டார் சோற்றுக்கடையின் பாய், மழையைக் கேட்டவர், கறிக்கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடியே என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "ரெண்டு மூணு வருசமா பாக்கிறேன் தம்பி. அந்த வாயிலேர்ந்து ஒரு 'இல்ல' வாங்க முடியல. மொதல்ல இப்படி இருந்த ஆளு கெடையாது."

நான் அந்த அக்காவைத் தேடித்தான் வந்திருந்தேன். ஒரு கையில் தட்டு, கக்கத்தில் ஒரு கட்டுப் படிவம். கறி சிந்தாமல் இரண்டையும் கொண்டுபோய்ச் சேர்ப்பதே பெரிய வித்தையாக இருந்தது.

அப்போது எனக்கு நாற்பது வயது. கல்யாண மேடைகளில் மைக்கைப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளையின் தொப்பையைப் பற்றி ஜோக் அடிப்பது என் தொழில். ஒரு கல்யாணத்தில் பெண்ணின் அப்பாவுடைய தொப்பையையும் சேர்த்துக்கொண்டதில் தொழில் போயிற்று. பிறகு ஒரு தனியார் கல்லூரியில் தற்காலிக ஆய்வு உதவியாளனாக ஒட்டிக்கொண்டேன். குற்றம் நடந்த இடங்களில் போலீஸ்காரர்கள் உலோகம் கண்டறியும் கருவியை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதுதான் ஆய்வு. யார் பிடிக்கிறார்கள், யார் பழக்கினார்கள், எதைத் தேடினார்கள், எது கிடைத்தது. மொத்தம் இருபத்திரண்டு கேள்விகள். பெயர் வேண்டாம், பதவி எழுதினால் போதும். ஆய்வை நடத்திய விரிவுரையாளரை நாங்கள் டாக்டரம்மா என்போம். என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு அவர் சொன்ன காரணம் ஒன்றே ஒன்று. "உங்களுக்கு வாய் இருக்கு."

பாலாய்களில் அந்த வாய் எடுபடவில்லை. பாலாய் என்றால் இங்கே போலீஸ் நிலையம். ஓர் இன்ஸ்பெக்டர் இருபத்திரண்டு கேள்விக்கும் 'சில சமயம்' என்று குறித்துக் கொடுத்தார். பதவி என்ன என்ற கேள்வி உட்பட. இன்னொருவர், என் தலையில் மூளை இருக்கிறதா என்று கருவியை வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டார். மூளை இரும்பு இல்லையே சார் என்றேன். அதனால்தான் சத்தம் வரவில்லை என்றார். கடைசியில் எல்லோரும் ஒரே இடத்தைத்தான் காட்டினார்கள். "மெஷினா? அத மெஷின் அக்காகிட்ட கேளுங்க. அவங்கதான் அத தூக்கிட்டு நடக்கிறவங்க. வியாழக்கெழம லீவு. நாசி கண்டார் கடையில இருப்பாங்க."

மேசையை நெருங்கினேன். அக்கா சோற்றுக் கையால் என்னை நிறுத்தினார்.

"அங்கேயே நில்லு தம்பி. உடம்புல என்னா இருக்கு?"

வீட்டுச் சாவி, மோட்டார் சாவி, எங்கே திறக்கிறது என்று எனக்கே தெரியாத இன்னொரு சாவி, நகவெட்டி, சில்லறைக் காசு, இரும்புக் கொக்கி போட்ட பெல்ட். எல்லாவற்றுக்கும் பிறகு, ஏதோ ஒரு கல்யாண மண்டபத்திலிருந்து என்னோடு வீட்டுக்கு வந்துவிட்ட ஒரு கரண்டி. மேசையில் அடுக்கினேன். அக்கா கரண்டியைத் திருப்பி, அடியில் பொறித்திருந்த மண்டபத்தின் பெயரைப் படித்தார். ஒரு போலீஸ்காரி ஒன்றும் சொல்லாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

"இவ்வளவு இரும்ப சொமந்துக்கிட்டு எப்படிலா நடக்கிற? ஒக்காரு."

அவர் உடம்பில் பொட்டு உலோகம் கிடையாது. கடிகாரம் கட்டமாட்டார், மணி கேட்டுத் தெரிந்துகொள்வார். தலைமுடிக்கு ரப்பர் வளையம். பெல்ட்டில் பிளாஸ்டிக் கொக்கி. கழுத்தில் கறுப்பு நூலில் கோத்த மரமணி ஜெபமாலை. கல்யாண மோதிரம் வீட்டு அலமாரியில் கிடந்தது. "நம்ம மேல இருக்கிற இரும்ப கேட்டுட்டு, அந்த மெஷின் தரையில இருக்குன்னு சொல்லும் தம்பி. வேல இருக்கிற நாளு மட்டும் கழட்டி வச்சா மறந்துருவோம். அதான் ஒரேடியா விட்டுட்டேன்." அதைச் சொல்லும்போது பக்கத்து மேசைக்காரரின் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். முனையில் இரும்புத் தகடு வைத்த தொழிற்சாலை பூட்ஸ். அந்த மனிதர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

நடப்பதும் அப்படித்தான். பாசார் சந்தைக்குப் போனால் ஒரு வரிசையில் கடைசிவரை போய், அரை அடி தள்ளித் திரும்பி வருவார். நீளவாட்டில் முடித்த பிறகு குறுக்குவாட்டில் மறுபடி. வலது கை மட்டும் தரைக்கு மேல் மெல்ல ஆடிக்கொண்டிருக்கும், கையில் தக்காளிப் பை இருந்தாலும். மீன்காரப் பெண்கள் அவர் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார்களாம்.

'இல்லை' கதைகள் பாயிடம் நிறைய இருந்தன. அக்கா பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது பாதர் கேட்டாராம், "வேற பாவம் ஏதும் இல்லையேம்மா?" அக்கா சொன்னாராம், "நான் தேடினவரைக்கும் கெடைக்கல பாதர்." இது பாய்க்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். பினாங்கில் நாசி கண்டார் கடைக்கு வந்து சேராத பாவம் கிடையாது.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். முதல் இரண்டு வாரம் சிரித்தேன். மூன்றாவது வாரம் அக்காவே ஒரு கதை சொன்னார், அதோடு நின்றுவிட்டது.

அவர் அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுப் பெண்ணின் தோடு ஒன்று கீழே புல்தரையில் விழுந்துவிட்டது. அக்கா தன் சொந்த மெஷினை எடுத்துக்கொண்டு இறங்கினார். கிடைக்கவில்லை. "இல்லையாக்கா?" என்று கேட்டிருக்கிறாள் அந்தப் பெண். "இன்னிக்குப் பாத்த எடத்துல கெடைக்கல." மறுநாள் கயிறு கட்டி, கட்டம் கட்டமாகப் பிரித்துத் தேடினார். அதற்கு மறுநாளும். ஒன்பதாம் நாள் அந்தப் பெண் அழுதுகொண்டே இறங்கி வந்தாள்.

"'தோடு போனா போகட்டும்க்கா, நீங்க கீழ நடக்கிறத சன்னல்ல பாத்தா எனக்குப் பயமா இருக்கு'ன்னா."

"அப்பறம்?"

"அப்பறம் அவ வேலைக்குப் போன நேரமா பாத்துத் தேடினேன்."

"கெடச்சிச்சா?"

"அந்தப் புள்ள வீடு மாறிப் போயிருச்சு. நான் இன்னும் முடிக்கல."

என் படிவத்தையும் அவர் அப்படித்தான் நிரப்பினார். உங்கள் நிலையத்தில் எத்தனை கருவிகள் என்பது ஐந்தாவது கேள்வி. "ரெண்டு" என்றார். நான் எழுதப் போனேன். "இரு. போன வாரம் பாத்தப்ப ரெண்டு. நாளைக்குப் போய் எண்ணிட்டு, அடுத்த வியாழன் சொல்றேன்." வாரத்துக்கு இரண்டு கேள்வி, மிஞ்சினால் மூன்று. நான் கறிக் குழம்பில் கரைந்துகொண்டிருந்தேன். பெல்ட்டை மேசையில் கழற்றி வைத்துவிட்டுச் சாப்பிடுவதால், எழுந்திருக்கும்போது கால்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட கோலத்தில் ஒரு மனிதன் அறிவியல் வளர்த்தான்.

அந்தச் சமயத்தில்தான் நான் அந்த வேலையைச் செய்தேன். டாக்டரம்மா இருபது படிவம் இருந்தால் அறிக்கையைத் தொடங்கிவிடலாம் என்றார். என்னிடம் ஒன்பது இருந்தது. ஒரு சனிக்கிழமை காலை காப்பிக் கடையில் உட்கார்ந்து மீதி பதினொன்றையும் நானே நிரப்பினேன். மூன்று நிறப் பேனா. இரண்டு இன்ஸ்பெக்டர்களுக்கு இடது கையால் எழுதினேன். பெரிய பதவிக்குக் கிறுக்கல் பொருத்தமாக இருந்தது. கீழ்மட்டக் கோப்ரல் ஒருவரை எழுத்துப் பிழையோடு எழுத வைத்து நானே ரசித்துச் சிரித்தேன்.

பதினாலாவது கேள்விதான் கொஞ்சம் நீளம். கருவியில் இரும்பை ஒதுக்கும் அமைப்பு ஒன்று உண்டு. கடற்கரையில் காசும் மோதிரமும் தேடுகிற பொழுதுபோக்குக்காரர்களுக்காக வைத்தது. அதை அழுத்தினால் ஆணி, தகரம் எதற்கும் மெஷின் கத்தாது. அதைக் குற்ற இடத்தில் பயன்படுத்தியதுண்டா என்பது கேள்வி. 'ஆம்' என்றால் கீழே நான்கு துணைக் கேள்விகள். எப்போது, எங்கே, யார் சொல்லி, விளைவு என்ன. 'இல்லை' என்றால் நேரே பதினைந்துக்குப் போகலாம். நான் பதினொரு பேரையும் நேரே பதினைந்துக்கு அனுப்பினேன். உண்மையாக நிரப்பிக் கொடுத்த ஒன்பதில், 'சில சமயம்' இன்ஸ்பெக்டரைத் தவிர மற்ற எட்டுப் பேரும் அந்தக் கேள்வியை மட்டும் வெறுமையாக விட்டிருந்தார்கள். அது ஏன் என்று நான் யோசிக்கவில்லை. எனக்குப் பசி.

அக்கா பதினாலாவது கேள்விக்கு வந்த வியாழக்கிழமை கடையில் நல்ல கூட்டம். கேள்வியை ஒரு முறை படித்தார். கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

"மத்தவங்க என்னா சொன்னாங்க தம்பி?"

"எல்லாரும் இல்லன்னுட்டாங்கக்கா."

"எல்லாருமா?"

"எல்லாரும்தான்."

"ஒருத்தர்கூட..." என்று ஆரம்பித்தவர் தண்ணீர் குடித்தார். பிறகு சாதாரணமாக, மீன் விலை பேசுகிற குரலில் சொன்னார்.

புக்கிட் தெங்காவில் சரக்கு அடுக்கும் மரப் பலகைத் தட்டு செய்கிற ஒரு தொழிற்சாலை. லோரியை யார் முதலில் பின்னுக்கு எடுப்பது என்று இரண்டு பேருக்குள் தகராறு. பின்பக்க நிலத்தில் கைகலப்பாகி, ஒருவர் குத்துப்பட்டுச் செத்துப்போனார். குத்தியவர் முதல் நாளிலிருந்து ஒரே பேச்சுத்தான் பேசினார். 'அவருதான் மொதல்ல கத்திய எடுத்தாரு. நான் தட்டிவிட்டதுல அது லாலாங் புல்லுல போய் விழுந்துச்சு. அப்பறம்தான் நான் என் கையில இருந்தத வச்சுக் குத்தினேன்.' அந்த இரண்டாவது கத்தியைத் தேடப் போனது அக்கா. பழைய பலகைகளை வருடக்கணக்கில் போட்டு எரித்த நிலம் அது. மண்ணெல்லாம் ஆணி. மெஷின் அடிக்கு அடி அலறியது. கருவியை விற்ற ஆள் அன்றைக்குப் பழக்கிவிட வந்திருந்தார். "இத அழுத்துங்க கோப்ரல், காது வலிக்காது" என்றார். அக்கா அழுத்தினார். மெஷின் அமைதியாயிற்று. நீளவாட்டில் நடந்தார், குறுக்குவாட்டில் நடந்தார். அறிக்கையில் 'தியாடா' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இல்லை என்பதற்கு மலாயில் அதுதான் சொல்.

"அந்த ஆளுக்கு முப்பது வருசம் தம்பி."

"அப்ப கத்தி..."

"தீர்ப்பு வந்து கொஞ்ச நாள் கழிச்சு, என்னவோ தோணுச்சு. வீட்டுல சமையக்கட்டுத் தரையில ஒரு கத்திய வச்சேன். அதே மாதிரி அழுத்திட்டு மேல ஆட்டினேன்." வலது கை தட்டுக்கு மேல் மெல்ல ஆடியது. "சத்தமே வரல. இந்தப் பக்கம் ஆட்டினேன். அந்தப் பக்கம் ஆட்டினேன். கத்தி கண்ணு முன்னாடி கெடக்குது, மெஷின் ஒண்ணுமே தெரியாத மாதிரி இருக்குது."

கடைக்குள் யாரோ தே தாரிக் தேநீருக்குக் குரல் கொடுத்தார்கள். அக்கா என் பேனாவை வாங்கிப் பதினாலாவது கேள்வியில் 'ஆம்' என்று குறித்தார். துணைக் கேள்விகள் நான்கையும் நிரப்பினார். பிறகு, பெயர் எழுத வேண்டாம் என்று தடித்த எழுத்தில் அச்சடித்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் தன் முழுப் பெயரையும் போலீஸ் எண்ணையும் எழுதினார்.

"அக்கா, பேரு போடக்கூடாதுக்கா. பேரு போட்டா டாக்டரம்மா தூக்கிப் போட்டுருவாங்க."

"போடட்டும். எழுதினது எழுதினதுதான்."

டாக்டரம்மா அப்படியே செய்தார். விதி விதிதான் என்றார். அறிக்கைச் சுருக்கத்தில் அந்தக் கேள்விக்குக் கீழே ஒரு வரி வந்தது: பதில் தெளிவாக அளித்தவர்களில் எவரும் இந்த அமைப்பைக் குற்ற இடத்தில் பயன்படுத்தியதில்லை. அந்தச் சுருக்கம் எல்லா நிலையங்களுக்கும் போனது. அக்கா நடந்ததைச் சொல்லத் தன் அதிகாரியிடம் போய் நின்றபோது அவர் அந்த வரியைத்தான் விரல் வைத்துக் காட்டினாராம்.

"காலேஜு சர்வேயே சொல்லுது, யாரும் அப்படிச் செய்யிறது இல்லன்னு. நீ மட்டும் செஞ்சேன்னு கோர்ட்டுல போய்ச் சொன்னா, மாட்டிக்கிறது நீ மட்டும்தான். பென்ஷனுக்கு எவ்வளவு நாள் இருக்கு? யோசிச்சுக்க."

இதை அக்கா எனக்குச் சொன்னபோது கோபம் தெரியவில்லை. "எல்லாரும் சரியாத்தான் செஞ்சிருக்காங்க தம்பி. எனக்குத்தான் அறிவு போயிருச்சு" என்றார். நான் வாயைத் திறந்தேன். அதில் ஒரு ஜோக்தான் வந்தது. என்ன ஜோக் என்று நினைவில்லை; அக்கா சிரிக்கவில்லை என்பது நினைவிருக்கிறது.

சிறையில் இருந்தவரின் மேல்முறையீடு ஒரு மாதத்தில் வர இருந்தது. அக்கா அவருடைய வக்கீலுக்கு எழுதினார். தவறவிட்டிருக்கலாம் என்பது வெறும் பேச்சு, கத்தி வேண்டும் என்று பதில் வந்தது. இதற்கிடையே தொழிற்சாலைக்காரர் அந்தப் பின்நிலத்தில் புதிய கிடங்கு கட்டுவதாக இருந்தார். நான்காவது வாரம் வெள்ளிக்கிழமை சிமெண்ட் ஊற்றுகிறார்கள். அதற்குள் தேடிக்கொள்ள அக்கா தவுக்கே முதலாளியிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டார்.

"நாலு வியாழன் இருக்கு. என்கூட வர்றியா தம்பி? வெளியாளு ஒருத்தர் வேணும். கெடச்சா, தோண்டினத கண்ணால பாத்தேன்னு சொல்ல. நான் மட்டும் சொன்னா, நானே கொண்டுபோய் வச்சேன்னு சொல்லுவாங்க."

மாட்டேன் என்று சொல்ல முடியாத பலவீனம் எனக்கு. போனேன்.

தொழிற்சாலை மதிலுக்குப் பின்னால், ஒரு பக்கம் சாலையும் ஒரு பக்கம் சதுப்புமாக, இடுப்பளவு லாலாங் புல் வளர்ந்த நிலம். புல்லை வெட்டி, கயிறு கட்டி, இரும்பை ஒதுக்காமல் மெஷினைத் திறந்துவிட்டார் அக்கா. அது அலறியது. ஹெட்போனை மீறிப் பத்தடி தள்ளி நின்ற எனக்கே கேட்டது. ஒவ்வோர் அலறலுக்கும் ஒரு பிளாஸ்டிக் குச்சி நட்டார். நான் பிளாஸ்டிக் கரண்டியால் தோண்டினேன். ஆணி. அடுத்த குச்சி. ஆணி. மத்தியானத்துக்குள் ஒரு வாளி. நாற்பது வயதில் நான் முதன்முதலாக உடலுழைப்பு செய்ததை என் முதுகு இன்றுவரை மறக்கவில்லை.

முதல் நாளே அந்த மோட்டார் வந்தது. சாலையோரம் நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமல் அதன் மேலேயே ஒருவர் உட்கார்ந்திருந்தார். பிறை என்ற ஊரிலுள்ள ஏதோ தொழிற்சாலையின் சீருடை. ஒரு மணி நேரம் எங்களையே பார்த்தார். பிறகு போய்விட்டார். இரண்டாவது வியாழனும் வந்தார். வாசல் காவலாளி என் காதில் சொன்னார்: "செத்துப்போனவரோட சொந்தத் தம்பிலா அது."

கத்தி கிடைக்கக்கூடாது என்று நினைக்க இந்த உலகத்தில் ஒருவருக்கு உரிமை இருந்தால், அது அந்த ஹெல்மெட்டுக்குள் இருந்தவருக்குத்தான். மூன்றாவது வியாழன், என் வழக்கப்படி வாயை வைத்துச் சமாளிக்கலாம் என்று ஒரு பெட்டிப் பானத்தோடு போனேன்.

"அண்ணே, ஆணி ஏதும் வேணுமா? நெறைய இருக்கு."

ஹெல்மெட் கண்ணாடியில் என் முகம்தான் தெரிந்தது. "நீங்க என்னா தேடுறீங்கன்னு எனக்குத் தெரியும்" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். பானத்தை வாங்கவில்லை. நான் பெட்டியோடு திரும்பி வந்தேன்.

"அக்கா, அவரு எதுக்கு வர்றாருன்னு கேட்டீங்களா? நமக்கு ஏதாவது ஆயிடப் போவுது."

"நம்மள மாதிரி அவருக்கும் வியாழக்கெழம லீவா இருக்கும்" என்றார் அக்கா, அடுத்த குச்சியை நட்டபடி. அவர் அடித்து நான் கேட்ட ஒரே ஜோக் அது. ஜோக்தானா என்றும் தெரியவில்லை.

நான்காவது வியாழன். மறுநாள் சிமெண்ட். கம்பி கட்டுகிறவர்கள் ஒரு மூலையில் கம்பிகளை இறக்கிவிட்டுப் போயிருந்தார்கள். அந்தப் பக்கமே மெஷினைக் கொண்டுபோக முடியவில்லை. சதுப்பை ஒட்டிக் கடைசி மூன்று வரிசை மீதி. பதினோரு மணி இருக்கும். அக்கா நின்றார். மெஷினை இப்படி ஆட்டினார், அப்படி ஆட்டினார். ஹெட்போனைக் கழற்றி, என்னைக் கேட்கச் சொன்னார். ஆணியின் கீச்சல் இல்லை அது. நீளமாக, கனமாக, ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைவரை இழுத்துக்கொண்டு போகிற சத்தம்.

என்னைப் பத்தடி தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அவரே மண்டியிட்டார். கரண்டியால் கொஞ்சம், பிறகு பெயிண்ட் பிரஷ்ஷால். ஜெபமாலை முன்னால் விழுந்து விழுந்து தொங்கியது; எடுத்து முதுகுப் பக்கம் போட்டுக்கொண்டார். திடீரென்று கை நின்றது.

"தம்பி, வா. வந்து பாரு. நீ பாத்ததுக்கு அப்பறம்தான் நான் மீதிய தொறப்பேன்."

நான் அசையவில்லை.

"என்னாலா? வா."

"அக்கா, நான் பாக்கக்கூடாதுக்கா."

"ஏன்?"

அந்த இடத்தில் நின்றபடியே சொன்னேன். காப்பிக் கடை, மூன்று பேனா, இடது கை இன்ஸ்பெக்டர்கள். கோர்ட்டில் யாராவது 'பார்க்காததைப் பார்த்ததாக எழுதியதுண்டா' என்று என்னைக் கேட்டால் நான் என்ன சொல்வது என்று கேட்டேன்.

"எத்தன?"

"பதினொண்ணு."

"பதினாலாவது கேள்விக்கு?"

"இல்லன்னு போட்டேன்கா. ஆமான்னு போட்டா இன்னும் நாலு கேள்வி இருந்துச்சு."

"நெசமா எழுதினவங்க?"

"ஒருத்தரு சில சமயம்னாரு. மத்த எட்டுப் பேரு ஒண்ணும் எழுதாம விட்டுட்டாங்க."

அக்கா திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் அந்த எட்டுப் பேரையும் மனதுக்குள் ஒவ்வொருவராக எடுத்துப் பார்ப்பது போல் இருந்தது. எட்டு நிலங்கள், எட்டு மெஷின்கள். பிறகு குழியின் மேல் தன் தொப்பியைக் கவிழ்த்து வைத்தார்.

"ரோட்டுல யாரு இருக்கா?"

திரும்பிப் பார்த்தேன். "அவருதான்கா. மோட்டார்காரரு."

"கூப்பிடு."

"அக்கா, அவரு செத்தவரோட தம்பி."

"தெரியும். போய்க் கூட்டிட்டு வா. வந்ததும் நீ ரோட்டப் பாத்து நில்லு. நான் சொல்ற வரைக்கும் திரும்பாத. நீ இங்க எதையும் பாக்கல. விளங்குதா?"

சாலைவரை நடந்தது ஒரு காத தூரம் போல் இருந்தது. "அண்ணே, அக்கா கூப்பிடுறாங்க. சாட்சிக்கு ஆளு வேணுமாம்" என்றேன். அவர் மோட்டாரிலிருந்து இறங்கினார். அவர் இறங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. என்னைவிடக் குள்ளமான மனிதர். கயிற்றைத் தாண்டி உள்ளே நடந்தார். நான் சாலையைப் பார்த்து நின்றுகொண்டேன்.

பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது. "தொடாம பாருங்க தம்பி. பாத்தத மட்டும் சொல்லுங்க. தெரியலன்னா தெரியலன்னு சொல்லலாம், யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க." பிறகு பிரஷ் மண்ணைத் தள்ளுகிற சத்தம்.

பிரஷ் நின்றது.

ஒரு லோரி போனது. இன்னொன்று போனது. யாரும் யாரையும் அவசரப்படுத்தவில்லை. ஹெல்மெட் கொக்கி கழன்ற சத்தம் கேட்டது.

"எங்க வீட்டுக் கத்தி" என்றார் அவர்.

"எப்படிச் சொல்றீங்க?"

"பிடியில செவப்பு ஒயரு. பிடி ஆடுதுன்னு நாந்தான் சுத்தினேன்." குரல் அங்கேயே நின்று, மறுபடி வந்தது. "அன்னிக்கு சாயந்திரம் அம்மா மீன் வெட்ட இதத் தேடினாங்க. காணோம்மான்னு சொன்னேன். அண்ணன் காலையில பையில போட்டுட்டுப் போனத நான் பாத்தேன்க்கா. கோர்ட்டுல யாரும் என்னைக் கேக்கல. நானும் சொல்லல."

அக்கா அவரிடம் உட்காரச் சொன்னார். அந்த ஆள் உட்கார்ந்ததும், அடக்கி வைத்திருந்தது உடைந்ததும் எனக்குக் காதால் தெரிந்தது. அக்கா பாலாய்க்குப் போன் போட்டு, இடத்தையும் மணியையும் பதவியையும் மலாயில் ஒவ்வொன்றாகச் சொன்னார். மணி என்ன என்று அந்த ஆளிடம்தான் கேட்டார். அவரும் அழுகைக்கு நடுவே பார்த்துச் சொன்னார்.

என்னைத் திரும்பச் சொல்ல இரண்டு பேருக்கும் நினைவு வரவில்லை. எனக்கு நேர் எதிரே அவருடைய மோட்டார் நின்றது. அதன் பக்கக் கண்ணாடியில் வெட்டிய புல்லும், கயிறும், இரண்டு குனிந்த தலைகளும் தெரிந்தன. இன்னும் கொஞ்சம் எட்டிப் பார்த்தால் குழியும் தெரியும்.

கண்ணை மூடிக்கொண்டேன்.